விழுவதும் ஒரு வித்தை: வீடே சிரிக்கும் உடல் நகைச்சுவை



2019 மே மாதக் கடைசியில், நாட்டின் பிரதமர் இரண்டாம் முறையாகப் பதவியேற்கும் வேளையில், ட்விட்டரில் உலகளவில் முன்வரிசைக்கு வந்தது ஒரு காண்டிராக்டரின் பெயர். பாகிஸ்தானிலிருந்து இயங்கிய கட்டுமானப் பொறியியல் முகநூல் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தது. நம்மவர் ஒருவர் பதில் போட்டார்: இது சுத்தியல், அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் அரண்மனையில் காண்டிராக்டர் நேசமணியின் மண்டை உடைந்தது இதனால்தான். விவரம் தெரியாத யாரோ, அவர் இப்போது நலமா என்று விசாரிக்க, தமிழ்நாடே நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யத் தொடங்கிவிட்டது.

நேசமணி என்று ஒருவர் இல்லை. 2001இல் வெளிவந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. மேலே வேலை பார்க்கும் ரமேஷ் கண்ணாவின் கையிலிருந்து சுத்தியல் நழுவுகிறது. கீழே, எல்லாரையும் அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருக்கும் காண்டிராக்டரின் தலையில் நேராக வந்து இறங்குகிறது. டங்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வடிவேலுவின் முகம் போகிற போக்குதான் காட்சி. இதற்கு மூலம் 1999இல் வந்த மலையாளப் படம். அங்கே இதே அடியை வாங்கியவர் ஜகதி ஸ்ரீகுமார். இரண்டையும் இயக்கியவர் சித்திக். மொழி மாறியது, நடிகர் மாறினார், வசனம் மாறியது. சுத்தியல் விழுகிற இடம் மட்டும் மாறவில்லை.

தெருவில் ஒருவர் தலையில் சுத்தியல் விழுந்தால் 108க்குப் போன் போடுவோம். திரையில் விழுந்தால் பாட்டியும் பேரனும் ஒரே நொடியில் சிரிக்கிறார்கள். இந்த வித்தியாசம் தானாக வந்துவிடுவதில்லை. அடி கண்ணுக்கும் காதுக்கும் நன்றாகத் தெரிய வேண்டும். வலி மனதில் போய்த் தைக்கக் கூடாது. விழுந்தவன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொள்வான் என்ற உறுதியைப் படம் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். குடும்பத்தோடு பார்க்கும் படங்களில் உடல் நகைச்சுவை இவ்வளவு எடுபடுவதற்குக் காரணம் இந்த உறுதிதான். அதை எப்படிக் கட்டுகிறார்கள், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள், எங்கே அது உடைந்துபோகிறது என்று பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

சத்தம் பெரிது, அடி சிறிது

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ச் சந்தைத் திடலில் மேடை போட்டு ஆடின. முகமூடி போட்ட பாத்திரங்கள். கருமிக் கிழவன், வாய்ச்சவடால் தளபதி, எப்போதும் பசியோடு அலையும் வேலைக்காரன் ஆர்லெக்கினோ. இந்த ஆர்லெக்கினோவின் இடுப்பில் ஒரு கோல் செருகியிருக்கும். மெல்லிய இரண்டு பலகைகளைக் கைப்பிடியில் மட்டும் சேர்த்துக் கட்டியது. முதுகில் ஓங்கி அடித்தால் பலகைகள் ஒன்றோடொன்று மோதிப் படாரென்று சத்தம் வரும். அடி வாங்கியவருக்கோ தட்டிக்கொடுத்த மாதிரிதான் இருக்கும். இன்று ஸ்லாப்ஸ்டிக் என்று அழைக்கப்படும் காமெடிக்குத் தாய்வீடு அந்தக் கோல். சத்தத்தைப் பெரிதாக்கி வலியைச் சுருக்குவது என்ற தொழில்நுட்பத்தை அந்தச் சந்தைத் திடலிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம் பக்கத்துத் தோற்பாவைக் கூத்திலும் இதற்கு ஆள் உண்டு. இராமாயணக் கதை நடந்துகொண்டிருக்கும்போதே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரைக்கு வந்து ஒருவரையொருவர் மொத்திக்கொள்வார்கள். தோலில் வெட்டிய பாவைக்கு வலிக்காது என்பது முன்வரிசைக் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் எவ்வளவு அடித்தாலும் அந்தக் குழந்தை இன்னும் அடி என்கிறது. 1940இல் தொடங்கிய டாம் அண்ட் ஜெர்ரி இதே கணக்கில் ஓடுகிறது. வாணலியால் அடி வாங்கிய பூனையின் முகம் வாணலி வடிவத்துக்கு மாறும். அடுத்த காட்சியில் பழையபடி மீசையை முறுக்கிக்கொண்டு எலியைத் துரத்தும்.

சத்தத்தின் அருமையை நன்றாகப் புரிந்துகொண்டவர் பிரான்சின் ஜாக் தாத்தி. விளையாட்டு வீரர்களை மேடையில் மௌனமாக நடித்துக்காட்டிப் பெயர் வாங்கிப் பிறகு இயக்குநரானவர். அவருடைய 'மிஸ்டர் ஹுலோவின் விடுமுறை' 1953இல் வந்தது. கடற்கரை விடுதியின் சாப்பாட்டு அறைக்கு ஒரு தள்ளுகதவு. பரிமாறுபவர் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் அது கம்பி அறுந்த வீணை போல ஒரு சத்தம் போடும். யாரும் விழவில்லை, யாரும் அடி வாங்கவில்லை. அந்தக் கதவு எப்போது மறுபடி திறக்கும் என்று காத்திருப்பதிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது. ஹுலோவின் வாரிசுதான் ரோவன் அட்கின்சனின் மிஸ்டர் பீன். ஆக்ஸ்ஃபோர்டில் மின்பொறியியல் படித்த அட்கின்சன் 1990இல் தொலைக்காட்சியில் பீனாக வந்தபோது, அந்தப் பாத்திரத்துக்குப் பேச்சே ஏறக்குறைய இல்லை. அதனாலேயே மொழிபெயர்ப்பு தேவைப்படாமல் நம் வீட்டுக் கூடம்வரை வந்து உட்கார்ந்துவிட்டார்.

133 படிகளும் ஒரு பியானோவும்

காத்திருப்பதில் வரும் சிரிப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்க லாரல்-ஹார்டியின் 'மியூசிக் பாக்ஸ்' போதும். 1932ஆம் ஆண்டுப் படம், அரைமணி நேரத்துக்கும் குறைவு. குறும்பட நகைச்சுவைக்கான ஆஸ்கர் விருது முதல்முறையாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியது இதுதான். கதை ஒரே வரி. பெட்டியில் அடைத்த பியானோவை மேட்டிலுள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் போக நீண்ட படிக்கட்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சில்வர் லேக் பகுதியில் அந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. மொத்தம் 133 படிகள்.

பாதி ஏறியதும் குழந்தை வண்டியோடு ஒரு ஆயா இறங்கி வருகிறாள். வழிவிடப் போய்ப் பியானோ கீழே உருண்டோடுகிறது. மறுபடி ஏற்றுகிறார்கள். போலீஸ்காரர் கூப்பிட்டுவிட்டார் என்று இறங்கிப் போனால் பியானோவும் பின்னாலேயே வருகிறது. ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபின் ஒரு தபால்காரர் கேட்கிறார்: இந்தப் பக்கம் வண்டிப்பாதை இருக்கிறதே, ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்? வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு பியானோவை வீட்டுக்குள் கொண்டுபோவார்கள். இவர்கள் இருவரும் அதைத் திரும்பப் படிவழியாகக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, பாதை வழியாக மேலே கொண்டு வருகிறார்கள்.

இங்கே சிரிப்பு எங்கிருந்து வருகிறது? பியானோ உருள்வதிலிருந்து மட்டும் அல்ல. அது உருளப் போகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியும், தூக்குகிறவர்களுக்குத் தெரியாது. ஐந்து வயதுக் குழந்தைகூட அந்தக் கணம் திரையிலிருக்கும் இரண்டு பெரியவர்களைவிடப் புத்திசாலி ஆகிவிடுகிறது. வீட்டில் நாளெல்லாம் 'பார்த்து நட', 'கொட்டாதே', 'உடைக்காதே' என்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய விருந்து எது? இன்னொன்று ஹார்டியின் பார்வை. ஒவ்வொரு முறை அடி வாங்கியதும் அவர் கேமராவை நேராகப் பார்ப்பார். 'பார்த்தீர்களா என் பாட்டை' என்று கேட்கிற பார்வை. வலியால் துடிக்கிறவன் அப்படிப் பார்க்க மாட்டான். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீங்கள் சிரிக்கலாம் என்பதற்கு அந்தப் பார்வைதான் அனுமதிச் சீட்டு.

பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மனிதன் சூழலுக்கேற்ப வளைந்துகொடுக்காமல் இயந்திரம்போல நடந்துகொள்ளும்போது சிரிப்பு பிறக்கிறது என்பது அவர் வாதம். பாதை இருக்கிறது என்றதும் பியானோவைக் கீழே இறக்கும் இருவருக்கும் அது கச்சிதமாகப் பொருந்தும். 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் வேறு கோணத்தில் சொன்னார்கள்: ஏதோ ஒன்று வரம்பு மீற வேண்டும், அந்த மீறல் ஆபத்தில்லாததாகவும் தோன்ற வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால் சிரிப்பு. தாத்தா பேரனைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும்போது குழந்தை கெக்கலிக்கிறதே, அதுவும் இந்தக் கணக்குதான். அந்நியர் ஒருவர் தூக்கிப்போட்டால் அதே குழந்தை வீரிட்டு அழும்.

திரையில் இல்லாத வலி

பார்க்கிறவருக்குப் போய்ச் சேராத வலியை யாரோ ஒருவர் வாங்கியிருக்கிறார்.

பஸ்டர் கீட்டன் 1895இல் பிறந்தவர். பள்ளிக்கூட வயதுக்கு முன்பே அப்பா, அம்மாவோடு மேடையேறினார். அந்தக் குடும்பக் குழுவின் சிறப்பு நிகழ்ச்சி, அப்பா மகனைத் தூக்கி மேடையின் குறுக்கே வீசுவது. வீச வசதியாகப் பையனின் கோட்டு முதுகில் சூட்கேஸ் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தார் பையனின் உடம்பில் காயமிருக்கிறதா என்று வந்து சோதித்தார்கள். அந்த வயதிலேயே கீட்டன் ஒன்றைக் கவனித்தார்: விழுந்து எழும்போது தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை; முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால் கொட்டகை அதிர்கிறது. அந்தக் கல்முகம்தான் பின்னாளில் அவர் முத்திரை ஆனது.

1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் புயலடிக்கிறது. தெருவில் நிற்கும் கீட்டன்மீது ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுசாகச் சாய்கிறது. மாடிச் சன்னலின் திறப்பு அவர் நிற்கும் இடத்தில் சரியாக வந்து இறங்குவதால் பிழைக்கிறார். கிராஃபிக்ஸ் இல்லாத காலம். சுவரின் எடை இரண்டு டன் அளவு. சன்னல் சட்டத்துக்கும் அவர் தோளுக்கும் இடைவெளி சில அங்குலம். அளந்து குறித்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். கேமரா தள்ளி நின்று, முழு வீட்டையும் முழு மனிதனையும் ஒரே ஷாட்டில் காட்டுகிறது. அது வெட்டி ஒட்டிய காட்சி அல்ல என்பது பார்க்கிறவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே அந்தத் தூரம். 1924இல் 'ஷெர்லாக் ஜூனியர்' படப்பிடிப்பில் ரயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய வெள்ளம் அவரைத் தண்டவாளத்தில் மோதியது. தலைவலியோடு வேலையைத் தொடர்ந்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிய வந்தது.

கடிகார முள்ளில் தொங்கும் கண்ணாடிக்காரர் ஹெரால்ட் லாய்டின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. 1923இல் வந்த 'சேஃப்டி லாஸ்ட்' படத்துக் காட்சி. 1919இல் ஒரு புகைப்படத்துக்காகக் கையில் பிடித்த போலிக் குண்டு நிஜமாகவே வெடித்து, வலதுகையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அவர் இழந்திருந்தார். செயற்கை விரல்கள் வைத்த கையுறை போட்டுக்கொண்டுதான் அந்தக் கடிகாரத்தில் தொங்கினார். உண்மைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் செட் போட்டு, கீழே மெத்தை பரப்பிய தளம் அமைத்து, நகரத் தெரு அடியில் தெரியும்படி கேமரா வைத்தார்கள். ஆபத்து கொஞ்சம், தோற்றம் ஏராளம்.

ஹாங்காங்கில் சீன இசைநாடகப் பள்ளியில் சிறுவயதிலிருந்து சாட்டையடிக்கு நடுவே வளர்ந்த ஜாக்கி சான், 1983இல் 'புராஜெக்ட் ஏ' படத்தில் லாய்டுக்கு மரியாதை செய்தார். மணிக்கூண்டின் முள்ளில் தொங்கி, துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் வந்து விழுந்தார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, எடுபடாமல் போன டேக்குகளையும் அடிபட்ட காட்சிகளையும் காட்டும் வழக்கத்தை அவர் ஊரறியச் செய்தார். கதை ஓடும்போது மறைத்து வைத்த வலியைக் கடைசியில் கணக்குத் தீர்ப்பதுபோல அவர் காட்டிவிடுவார்.

அயர்ன் பாக்ஸ் முகத்தில் விழுந்தால்

குடும்பப் படம், உடல் நகைச்சுவை இரண்டையும் சேர்த்துப் பெரிய வசூல் பார்த்த படம் 'ஹோம் அலோன்'. 1990இல் ஜான் ஹியூஸ் எழுதி, கிறிஸ் கொலம்பஸ் இயக்கியது. சுமார் 1.8 கோடி டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 47 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. போலந்தில் கிறிஸ்துமஸ் வந்தால் இந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தாக வேண்டும்; ஒரு வருடம் ஒளிபரப்பவில்லை என்ற பேச்சு வந்ததற்கே மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

விடுமுறைக்குக் கிளம்பும் அவசரத்தில் எட்டு வயதுக் கெவினை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது குடும்பம். கொள்ளையடிக்க வருகிறார்கள் இரண்டு திருடர்கள். பையன் வீட்டையே பொறியாக மாற்றுகிறான். பனி உறைந்த படியில் வழுக்கிவிழுகிறான் ஒருவன். விளக்குக் கயிறு என்று நினைத்து இழுத்தவன் முகத்தில் மாடியிலிருந்து அயர்ன் பாக்ஸ் வந்து விழுகிறது. நிஜத்தில் முகத்தெலும்பு நொறுங்கியிருக்கும். படத்தில் அயர்ன் பாக்ஸின் அச்சுப் பதிந்த முகத்தோடு அடுத்த பொறிக்கு நடந்து வருகிறான். வாணலி வடிவத்தில் முகம் மாறிய பூனையேதான், மனித வேடத்தில்.

இங்கே உறுதி எத்தனை வழிகளில் கட்டப்படுகிறது பாருங்கள். முதலில், திருடர்கள் வேண்டுமென்றே வருகிறார்கள். விழுவது அவர்கள் தேடிக்கொண்ட வினை. அடுத்து, பொறிகளைப் பையன் தயாரிப்பதை முன்பே பார்த்துவிடுகிறோம். பிறகு, ஜான் வில்லியம்ஸின் இசை இது விளையாட்டு என்று காதோடு சொல்லிக்கொண்டே வருகிறது. திருடர்களில் ஒருவராக நடித்த ஜோ பெஸ்கி அதே ஆண்டு 'குட்ஃபெல்லாஸ்' படத்தில் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தையாகப் பொழிந்தவர். இங்கே அடிபட்டதும் அர்த்தமில்லாமல் முணுமுணுக்கிறார். திட்டு வருகிற இடத்தில் வெறும் சத்தம். உண்மையில் விழுந்தவர்கள் டிராய் பிரவுன், லியான் டெலானி என்ற டூப் கலைஞர்கள். குழந்தைகள் பார்க்கும் படம் என்றாலும், முதுகு தரையில் மோதியது மோதியதுதான்.

இதே கொலம்பஸ் 1993இல் எடுத்த 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தின் கருவிலிருந்துதான் நம் 'அவ்வை சண்முகி' 1996இல் வந்தது. பாட்டி வேடத்தில் இருப்பவர் ஒரு கணம் இளைஞனின் வேகத்தில் நகர்ந்துவிட்டால் போதும், அரங்கம் சிரிக்கும்.

நாகேஷ், கமல், சிங்கீதம்

தமிழ் சினிமா பேச்சால் வாழ்வது என்று ஒரு பெயர் உண்டு. அது பாதி உண்மை. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே.பி. சந்திரபாபு எலும்பில்லாதவர்போல ஆடுவார், விழுவார். 1958இல் வந்த 'சபாஷ் மீனா'வில் சிவாஜி பக்கத்திலிருக்கும்போதே, இரட்டை வேடத்தில் படத்தின் பெரும்பங்குச் சிரிப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நாகேஷ் வந்தபின் உடம்பே வசனம் ஆகிவிட்டது. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'யில் செல்லப்பாவாக வரும் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கதை என்று அதில் ஒன்றுமே இல்லை. வாயாலேயே பின்னணி இசை, விரல்கள் நகமாகின்றன, குரல் தேய்ந்து தேய்ந்து திடீரென்று எகிறுகிறது. எதிரே பெரிய மனுஷத் தோரணையில் உட்கார்ந்த பாலையா கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்குகிறார். கண் விரிகிறது, உடம்பு நடுங்குகிறது. சிரிப்பில் பாதி செய்பவரிடம் இருந்தால் மீதிப் பாதி வாங்கிக்கொள்பவரிடம் இருக்கிறது. ரியாக்‌ஷன் என்று படப்பிடிப்புத் தளத்தில் சொல்வது இதைத்தான். ஹார்டியின் பார்வை செய்த வேலையைப் பாலையாவின் நடுக்கம் செய்கிறது.

முப்பது வருடம் கழித்து, 1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷ் ஒரு பிணம். ஆள் மாறித் தூக்கிவந்துவிட்ட பிணத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று பெண்கள் திண்டாடுகிறார்கள். வசனம் கிடையாது, முகபாவம் கிடையாது, அசைவுகூடச் சொந்தமில்லை. பிடித்தால் நிற்க வேண்டும், விட்டால் சரிய வேண்டும். சரிவதில் நாகேஷ் காட்டிய கணக்கு, நாற்பது வருடம் ஆடிய உடம்புக்கு மட்டுமே கைவரும்.

அந்தப் படத்தின் இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவ், இந்த உரையில் தனியாகக் குறிப்பிட வேண்டியவர். 1987இல் அவர் எடுத்த 'புஷ்பக விமானா' தமிழில் 'பேசும் படம்' என்று வந்தது. பெயர்தான் அப்படி, படத்தில் ஒரு வசனமும் இல்லை. வேலையில்லா இளைஞன் ஒருவன், குடித்துவிட்டுக் கிடந்த பணக்காரரைத் தன் அறையில் அடைத்துவைத்து, அவருடைய நட்சத்திர ஹோட்டல் அறையில் போய் வாழ்கிறான். அங்கே நிசப்தத்தில் தூக்கம் வருவதில்லை. பழைய விடுதியின் இரைச்சலை டேப்பில் பதிந்துவந்து போட்டுக் கேட்டபடி தூங்குகிறான். கூலிக் கொலையாளி டினு ஆனந்தின் ஆயுதம் பனிக்கட்டிக் கத்தி. குத்திய பின் தடயமில்லாமல் உருகிவிடும் என்பது திட்டம்; குத்த வாய்ப்பு வருவதற்குள் அது உருகிவிடுகிறது. கொலை முயற்சியைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்துச் சிரிக்க முடிவது, அந்தக் கத்தி ஐஸ் என்பதால். ஆரோக்கியமான பொழுதுபோக்குக்கான தேசிய விருது அந்த ஆண்டு இதற்குக் கிடைத்தது.

1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' கிரேசி மோகனின் வசனத்துக்காகப் பேசப்படும் படம். அதன் உச்சக்காட்சிக்கோ வசனம் தேவையே இல்லை. மலை விளிம்பில் ஒரு வீடு ஊசலாடுகிறது. உள்ளே இருப்பவர்கள் ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம் சாய்கிறது. இதன் மூதாதை 1925இல் வந்த சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்'. பனிப்புயல் இரவோடு இரவாகக் குடிசையைப் பாறை விளிம்புக்குத் தள்ளிவிட, காலையில் எழுந்த சாப்ளினுக்கு அது தெரியாது. தரை சாய்வதைத் தன் உடம்புக்கு வந்த கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார். சாப்ளின் இரண்டு பேரை வைத்துச் செய்த தராசை, கமலும் சிங்கீதமும் நான்கு வேடக் கமலையும் ஒரு கூட்டத்தையும் ஏற்றி ஆட்டிவைத்தார்கள்.

யார் விழுகிறார்?

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உடல் நகைச்சுவையின் நல்ல பகுதி இளமையிலும் பேதைமையிலும் வேர்விட்டது. லாரலின் பேதைமை, பீனின் பிள்ளைத்தனம், செல்லப்பாவின் சினிமாக் கிறுக்கு. எள்ளல் வந்தால் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது: எள்ளப்படுகிறவர் யார்?

தமிழ்ப் படங்களில் பல காலமாக ஒரு வழக்கம் உண்டு. உயரம் குறைந்தவர், பருமனானவர், கறுத்தவர், வேலைக்காரர் ஆகியோரை எட்டி உதைத்தால் அது காமெடி டிராக். கவுண்டமணி-செந்தில் இணையின் உதைகளை எல்லாரும் ரசித்தோம். ஆனால் அவர்களுடைய நகைச்சுவையில் காலத்தைத் தாண்டி நிற்பது உதை அல்ல. 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியில் கை ஓங்குகிறவர் கவுண்டமணி, ஜெயிப்பவர் செந்தில். உதைக்கிறவர் தோற்பதால்தான் அந்தச் சிரிப்பு இன்னும் கசக்காமல் இருக்கிறது. அதட்டுகிற காண்டிராக்டர் தலையில் சுத்தியல் விழுவது ஒரு வகை. அவர் அதட்டும் கூலியாள் தலையில் விழுந்திருந்தால் அது வேறு வகை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் நாள் முழுக்க ஓடும் துண்டுக் காணொலிகளில் நிஜ மனிதர்கள் வழுக்குகிறார்கள், பைக்கிலிருந்து விழுகிறார்கள். அங்கே ஒத்திகை இல்லை, மெத்தை இல்லை, எழுந்தாரா என்று காட்டுவதும் இல்லை. விழுந்த நொடியோடு அடுத்த காணொலி. பார்த்த குழந்தை சிரிக்கலாம். கூடவே உட்கார்ந்த அம்மாவுக்கு, அவருக்கு என்ன ஆயிற்றோ என்றிருக்கும். ஒரே சோபாவில் இரண்டு விதமான மனநிலை. குடும்பப் படத்தின் இலக்கு அதற்கு நேரெதிரானது.

இனி என்ன வேண்டும்?

இந்த வகை நகைச்சுவைக்கு எழுத்தாளரைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது நேரம். ஒரு வசன காமெடியைத் தளத்துக்கு வந்து பேசிப் பார்த்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். ஏணியிலிருந்து விழும் காட்சிக்கு ஏணி, விழுபவர், பிடிப்பவர், கேமரா நால்வரும் ஒத்திகை பார்க்க வேண்டும். நம்மிடம் அந்த அறிவுள்ளவர்கள் சண்டைப் பயிற்சியாளர்களும் அவர்களுடைய கலைஞர்களும். அவர்களைச் சண்டைக் காட்சிக்கு மட்டும் கூப்பிடுகிறோம். லண்டனில் 'பேடிங்டன்' எடுத்தபோது, உடல் நகைச்சுவைக்கென்றே கேல் மெக்கிரிஸ்டல் என்ற நாடக இயக்குநரை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். கணினியில் உருவாக்கிய கரடிக்கே அப்படி ஓர் ஏற்பாடு.

ஆள் இல்லாமலும் போகவில்லை. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் அசைவுகளை வைத்து நடிகரின் உடம்பைப் பழக்கியது. பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். 2005இல் சிங்கீதமும் கமலும் 'மும்பை எக்ஸ்பிரஸ்' எடுத்தபோது பசுபதியையும் சேர்த்துக்கொண்டு முழுநீள உடல் நகைச்சுவையை முயன்றார்கள். 'சந்திரமுகி' வந்த அதே நாளில் வந்ததால் அது அடிபட்டுப்போனது. அதன்பின் அந்தப் பாதையில் பெரிய முதலீட்டோடு நடந்தவர்கள் குறைவு.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். 'மியூசிக் பாக்ஸ்' படிக்கட்டு, பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி, 'மகளிர் மட்டும்' பிணம் ஆகிய மூன்றையும் முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் போடுங்கள், பிறகு ஒலியோடு. எந்த இடத்தில் குழந்தை முதலில் சிரிக்கிறது, எந்த இடத்தில் பெரியவர்கள் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள் இந்த அவையில் இருந்தால், அந்த மூன்றாவது இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதையும் பார்த்துவையுங்கள்.